குருந்தூர் மலையும் ஊராத்துறையும்

எங்கள் தீவுகளில் மலை இல்லை. ஊர்காவற்றுறையிற் பிறந்து வளர்ந்த ஒருவனை நோக்கி, உயர்ந்த பொருள் எது என்று வினவினால் அவன் பனையைக் காட்டுவான்; அன்றேல் தேவாலயத்தின் மணிக்கோபுரத்தைக் காட்டுவான். குறிஞ்சித் திணையைப் பாடஞ் சொல்லும்போது கரும்பலகையில் இரண்டு கோடு கீறி, “இதுதான் மலை” என்று காட்டி ஒப்பேற்றி வருபவன் நான். இவ்வாறு முப்பது ஆண்டு கழிந்தது. சென்ற ஆண்டு ஒரு நாள், அக்கோடுகளை நான் கீறிக்கொண்டிருந்தபோது பின்வாங்கிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்து, “ஐயா, குருந்தூர் மலை எங்கடையோ, அவையளின்ரையோ?” என்று கேட்டான்.

வகுப்பு அமைதியாயிற்று. குறிஞ்சிக்கும் அவ்வினாவுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஆயினும் அதனைக் கேட்பதற்கு அவன் நெடுநாளாகக் காத்திருந்தான் என்பது முகத்தில் தெரிந்தது. நான் விடை சொல்லவில்லை. பார்த்து வந்து சொல்கிறேன் என்றேன். அடுத்த விடுமுறையில் நண்பர் ஒருவரின் வானில் மாங்குளம் சென்று, ஒட்டுசுட்டான் வழியாக அம்மலையடியை அடைந்தேன்.

மலை என்று பேர்பெற்றதேயன்றி, மலைநாட்டார் கண்டால் நகைப்பர். காட்டின் நடுவே எழுந்து நிற்கும் கற்குன்று அது. ஆனால் வன்னியின் சமநிலத்தில் அத்துணை உயரமும் பெரிது. மேலே நின்று நோக்கினால் காடு ஒருபுறம், தண்ணிமுறிப்புக் குளத்தின் நீர்ப்பரப்பு ஒருபுறம், குளத்துநீர் பாயும் வயல்கள் ஒருபுறம். பழங்காலத்து அரசன் ஒருவன் இங்கே ஒரு பள்ளி அமைக்க விரும்பியதில் வியப்பொன்றும் இல்லை. குளம் இருந்த இடத்திற் சோறு இருந்தது. சோறு இருந்த இடத்தில் துறவிகள் இருந்தனர்.

நூல்கள் கூறுவதை முதலிற் சொல்லிவிடுகிறேன். கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆண்ட கல்லாடநாகன் என்னும் அரசன் குருந்தவாசோக விகாரையை எடுப்பித்தான் என்பது மகாவம்சம். அதற்குப் பல நூற்றாண்டின் பின்னர் முதலாம் அக்கபோதி குருந்த விகாரையையும் அதே பெயருடைய குளத்தையும் அமைத்து, மூன்று யோசனைப் பரப்பில் தென்னந்தோட்டமும் இட்டான் என்பது சூளவம்சம். யோசனைக் கணக்கை அப்படியே நம்பவேண்டியதில்லை; புராணிகர் கையிலே அளவுகோல் எப்போதும் நீண்டே இருக்கும். ஆயினும் குருந்தூர் மலையும் தண்ணிமுறிப்புக் குளமுமே அவ்விடங்கள் என்று அறிஞர் பெரும்பாலார் கொள்வர். திரிபிடகத்துக்கு எழுந்த பழைய உரைகளுள் ஒன்று குருந்தி அட்டகதா எனப் பெயர் பெறும். ஐந்தாம் நூற்றாண்டிற் புத்தகோசர் தம் விநய உரைக்குத் துணைக்கொண்ட நூல்களுள் அதுவும் ஒன்று. குருந்த விகாரையில் இருந்து எழுதப்பட்டமையால் அதற்கு அப்பெயர் வந்தது என்பது மரபு. ஆகவே இக்குன்று ஒரு காலத்தில் வெறும் வழிபாட்டிடமாக மட்டும் இருக்கவில்லை. ஏடும் எழுத்தாணியும் இருந்த இடமும் ஆகும். பண்டிதர் வகுப்பில் இடர்ப்பட்டு உரைநூல் படித்த எனக்கு இச்செய்தி மற்றெல்லாவற்றினும் இனித்தது.

ஆகவே, “அங்கே பௌத்தம் இருந்ததே இல்லை, எல்லாம் அண்மையிற் கட்டிய கதை” என்று நம்மவருட் சிலர் மேடையில் முழங்குவது பொருந்தாது. 1933 ஆம் ஆண்டிலேயே அது தொல்பொருட் காப்பிடமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட இடம். அங்கே கிடக்கும் செங்கல்லும் கல்லும் பொய் சொல்லவில்லை. பொய் சொல்வது அக்கல்லின்மேல் இன்று எழுதப்படும் உரை.

அவ்வுரை எதுவென்பதை நடுவுநிலை தவறாது நோக்கவேண்டும்.

குன்றின்மேல் ஆதி ஐயனார் என்ற பெயரில் அயலூர் உழவர் நெடுங்காலமாகப் பொங்கலிட்டு வந்தனர். சூலம் ஒன்றே அவர்களுடைய கோயில். 1984 இல் தண்ணிமுறிப்பு மக்கள் இடம்பெயர்க்கப்பட்டனர். போர் முடிந்து பல ஆண்டு கழிந்தும் அவருட் பலர்க்கு வயல் திரும்பக் கிடைக்கவில்லை. 2021 சனவரியில் அங்கே அகழ்வு தொடங்கியது. எட்டுப் பட்டை தீட்டிய கல்லொன்று வெளிப்பட்டதும், நம்மவர் அதனைத் தாராலிங்கம் என்றனர். திணைக்களத்தார் அதனைத் தூபியின் உச்சிக்குரிய உறுப்பு என்றனர். எண்பட்டை இரு சமயத்துக்கும் உரியது. கல் எங்கே, எந்த மண்ணடுக்கில், எதனோடு சேர்ந்து கிடந்தது என்று கேட்டபின்னரே பெயர் சூட்டவேண்டும். அந்த வினாவை இருதிறத்தாருள் ஒருவரும் பொறுமையோடு கேட்டதாகத் தெரியவில்லை. படம் முகநூலில் வருவதற்குள் தீர்ப்பு வந்துவிட்டது.

அதன்பின் நிகழ்ந்தவை செய்தித்தாள் வாசிப்போர் அறிந்தவையே. அகழ்ந்த இடத்திற் செங்கல் அடுக்கித் தூபி புதிதாக உயர்ந்தது. 2022 யூனில் அங்கே புத்தர் சிலை நிறுவ முற்பட்டபோது ஊரவர் மறித்தனர். முல்லைத்தீவு நீதிமன்று புதிய கட்டுமானங்களைத் தடுத்துக் கட்டளை இட்டது. ஆயினும் வேலை நிற்கவில்லை. 2023 யூலையில் ஐயனார் பொங்கல் தடைப்பட்டது. ஓகஸ்டில் நிபந்தனைகளுக்குட்பட்டுப் பொங்கினர். அதே ஆண்டு யூனில், காப்பிடத்துக்கென மேலும் காணி எடுப்பது குறித்து அன்றைய சனாதிபதி வினவியதை அடுத்துத் தொல்பொருட் பணிப்பாளர் நாயகம் பதவி விலகினார். செப்தெம்பரில், வழக்கை விசாரித்த நீதிபதி உயிரச்சுறுத்தலைக் காரணமாகக் கூறிப் பதவி துறந்து நாட்டை விட்டே சென்றார். அச்சுறுத்தல் இருந்ததா, இல்லையா என்று பாராளுமன்றத்திலே வாதிட்டனர். நீதி சொல்லும் ஆசனம் வெறிதாயிற்று என்பதில் மட்டும் வாதம் இல்லை.

இவ்வளவையும் ஒருசேர வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது ஒன்று. இவ்வழக்கு ஈராயிரம் ஆண்டுக்கு முற்பட்ட செங்கல்லைப் பற்றியதன்று. மலையடிவாரத்திலே இவ்வாண்டு யார் ஏர் பூட்டுவது என்பதைப் பற்றியது. செங்கல் முன்னே நிறுத்தப்படுகிறது. ஏக்கர் பின்னே நிற்கிறது. வவுனியா வடக்கில் வெடுக்குநாறி மலையிலும் இதுவே நடை. 2023 மார்ச்சில் அங்கே விக்கிரகங்கள் பெயர்த்தெறியப்பட்டன. 2024 மார்ச்சிற் சிவராத்திரிக்குச் சென்றோருள் எண்மர் கைதாகிப் பின்னர் விடுதலையாயினர். கிழக்கு மாகாணத்துத் தொல்பொருள்களைப் பேணவென்று 2020 யூனில் ஒரு செயலணி நியமிக்கப்பட்டபோது, தமிழர் ஒருவரேனும் முஸ்லிம் ஒருவரேனும் அதிற் சேர்க்கப்பட்டிலர். தமிழரும் முஸ்லிம்களும் பெரும்பான்மையாக வாழும் மாகாணத்தின் பழமையை ஆராய அவர்களுள் ஒருவர்கூடத் தேறவில்லையாம்! பழைய கல்வெட்டை வாசிக்கத் தமிழ் வேண்டாமோ?

குன்றின்மேல் எனக்கு ஒரு சந்திப்பு வாய்த்தது. தெற்கிலிருந்து வழிபட வந்த கூட்டத்தில் வயது முதிர்ந்த அம்மையார் ஒருவர், வெள்ளைச் சேலை உடுத்து, தூபியின் நிழலில் இளைப்பாறிக்கொண்டிருந்தார். தாமும் ஓர் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர் என்றார். என் சிங்களமும் அவர் தமிழும் ஏறக்குறையச் சமமாகவே இடறின. நான் தீவுப்பகுதியைச் சேர்ந்தவன் என்றதும் அவர் முகம் மலர்ந்து, “நாகதீபயா, சேர்? நாலு முறை வந்திருக்கிறேன்” என்றார். நாக அரசர் இருவர் மணியாசனத்துக்காகப் பொருதமையையும், புத்தர் வந்து சமாதானஞ் செய்தமையையும் பாடம்போல் ஒப்புவித்தார். “இக்கதை எங்கள் தமிழிலும் இருக்கிறது, அம்மா, பெருங்காப்பியம் ஒன்றே இருக்கிறது” என்றேன். அவர் என்னை நம்பவில்லை. தமிழர் புத்தரைப் பாடினரோ என்று இருமுறை கேட்டார். பின்பு தம் கைப்பையிலிருந்து சிறு குறிப்பேட்டை எடுத்து, மணிமேகலை என்ற பெயரை என் வாயாற் சொல்லச் சொல்லச் சிங்கள எழுத்தில் எழுதிக்கொண்டார். இக்குன்றில் ஐயனார்க்குப் பொங்கியது பற்றி நான் கேட்டபோது, அவர் அதனை முதன்முறையாகக் கேட்பதாகச் சொன்னார். பொய் சொல்லும் முகம் அன்று அது. அவர்க்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவே.

அவரை நான் குறை கூறவில்லை. கூறுதற்கு எனக்கு உரிமையும் இல்லை. முப்பது ஆண்டு தமிழ் கற்பித்த நான் என் மாணாக்கர்க்கு மணிமேகலையை எவ்வாறு சொன்னேன்? ஐம்பெருங்காப்பியங்களின் பெயரைச் சொன்னேன். ஆசிரியர் பெயரைச் சொன்னேன். அட்சய பாத்திரத்தைச் சொன்னேன். பரீட்சைக்கு அவ்வளவு போதும். அந்நூல் பௌத்த நூல் என்பதை ஒரு வாக்கியத்தில் தாண்டிச் சென்றேன். ஆசிரியன் தாண்டிய இடத்திலேயே மாணவன் இடறுகிறான்.

அக்காப்பியத்தில் மணிபல்லவத்துப் புத்த பீடிகையைப் பற்றிய பகுதியை ஊருக்குத் திரும்பியபின் மீண்டும் படித்தேன். பூம்புகாரின் உவவனத்திலிருந்து மணிமேகலா தெய்வம் மணிமேகலையைத் தூக்கிச் சென்று அத்தீவில் வைக்கிறது. அங்கே பீடிகையைக் கண்டு அவள் தன் பழம்பிறப்பு உணர்கிறாள். அதனைக் காத்து நிற்கும் தீவதிலகை, கோமுகிப் பொய்கையிலிருந்து வைகாசி விசாகத்தில் எழும் அமுதசுரபியைப் பற்றிக் கூறுகிறாள். அவளே இரத்தின தீவத்துச் சமந்த மலையின் உச்சியிலுள்ள புத்தர் அடியிணையையும் சொல்லுகிறாள். இன்று நாம் சிவனொளிபாத மலை என்று ஏறும் மலை அதுவே. அந்த மலையடிக்கு 1344 இல் இபுனு பதூதா என்னும் மொரோக்கோ நாட்டு யாத்திரிகர் போக விரும்பியபோது, பல்லக்கும், வழித்துணைக்கு யோகியர் நால்வரும், பிராமணர் மூவரும், வேறு ஆட்களும் கொடுத்து அனுப்பியவன் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி. சைவ அரசன் ஒருவன், முஸ்லிம் ஒருவரை, பௌத்தர் போற்றும் மலைக்கு, யோகியர் துணையோடு விடுத்தான். மலை யாருடையது என்று அந்த ஊர்வலத்தில் எவரும் சண்டையிட்டதாக அந்த யாத்திரிகர் எழுதவில்லை. ஆதம் பாவாவின் அடி என்று அவர் ஏறினார். மற்றவர் வேறு பெயர் சொல்லி ஏறினர்.

மணிபல்லவம் நயினாதீவு தானா என்பதில் அறிஞரிடையே வேறுபாடு உண்டு. அது நிற்க. நயினாதீவில் இன்று நாகவிகாரையும் நாகபூசணி அம்மன் கோயிலும் நடந்துபோகும் தூரத்தில் இருக்கின்றன. குறிகட்டுவானில் ஏறும் படகு இருசாராரையும் ஒன்றாகவே சுமக்கிறது. வெள்ளையுடுத்த சிங்கள மக்கள் விகாரையில் மலர் வைத்தபின் அம்மனையும் கும்பிட்டுச் செல்வதை எவரும் காணலாம். இரு தலங்களின் கதைகளையும் பக்கம் பக்கமாக வைத்து நோக்கியவர் எத்துணைப் பேர்? விகாரையின் கதை: நாகர் இருவர் பகைத்தனர், மூன்றாமவர் ஒருவர் இடையே வந்து நின்றார், பகை ஒழிந்தது. அம்மன் கோயிலின் கதை: புளியந்தீவிலிருந்து பூக்கொண்டு கடல் நீந்தி வந்த நாகத்தைக் கருடன் மறித்தது, காவிரிப்பூம்பட்டினத்து வணிகன் ஒருவன் இடையே நின்று இரண்டையும் இணக்கினான். பாம்பு சுற்றிய கல், கருடன் கல் என்று கடலில் இரண்டு பாறைகளை இன்றும் படகோட்டிகள் காட்டுவர். இரண்டும் ஒரே அச்சில் வார்த்த கதைகள். ஒன்றிலிருந்து மற்றது பிறந்ததோ, இரண்டும் நாகர் வழிபாட்டிலிருந்து கிளைத்தனவோ, அதனை ஆராய்வோர் ஆராய்க. இப்படிப்பட்ட தீவிலேயே 1958 இல் விகாரை சிதைந்தது. 1986 இல் அம்மன் கோயில் தாக்குண்டு தேர் எரிந்தது. இரண்டையும் ஒரே மூச்சிற் சொல்லுகின்றவர் நம்மிடையே அரியர், தெற்கிலும் அரியர்.

நெடுந்தீவின் கதை இன்னும் சுவையானது. வெடியரசன் கோட்டை என்று ஊரவர் சொல்லும் இடத்திலுள்ளவை பழைய தூபிகளின் அடித்தளங்கள் என்பர் தொல்லியலார். ஊரவர்க்கோ அது, கண்ணகியின் சிலம்புக்கு நாகமணி தேடி வந்த மீகாமனோடு கடலிற் பொருத வெடியரசனின் கோட்டை. பௌத்தம் மறைந்தது, கல் நின்றது, கல்லுக்கு மக்கள் புதுக்கதை கட்டினர். அக்கதையையும் வெறும் பொய்யென்று தள்ளலாகாது. பல நூற்றாண்டாக அவ்விடத்தைக் காத்தது அக்கதைதான். எந்தத் திணைக்களமும் அன்று.

இனிப் பௌத்தம் இருந்த இடமெல்லாம் சிங்களவர் இடம் என்னும் வாதத்துக்கு வருவோம். தெற்கிலே ஓயாது சொல்லப்படுவதும், வடக்கிலே நாம் அறியாமலே ஒப்புக்கொண்டு விட்டதுமாகிய வாதம் இது. ஒப்புக்கொண்டமையினாலன்றோ, தூபி என்றதும் நமக்கு நடுக்கம் பிறக்கிறது! திருகோணமலையை அடுத்த வெல்கம் விகாரை சோழர் காலத்தில் இராசராசப் பெரும்பள்ளி எனப் பெயர் பெற்றது. அங்கே கிடைத்த தமிழ்க் கல்வெட்டுக்கள் தமிழர் கொடுத்த கொடைகளைச் சொல்லுகின்றன. நாகபட்டினத்துச் சூடாமணி விகாரைக்கு ஆனைமங்கலத்தை இறையிலியாக விட்டவன் இராசராசன். வீரசோழியம் என்னும் இலக்கணம் செய்த புத்தமித்திரன் பௌத்தன். பாளியில் விநய நூல்கள் எழுதிய புத்ததத்தர் சோழநாட்டார். இவர்களை எல்லாம் நாம் நம் வீட்டுத் திண்ணையிலிருந்து இறக்கிவிட்டோம். 1898 இல் உ. வே. சாமிநாதையர் மணிமேகலையைப் பதிப்பித்தபோது, பௌத்தக் கருத்துக்களை விளக்கப் பண்டிதர் எவரும் கிடையாமல், வேறுவழியாகத் தேடிக் கற்றே உரை எழுதவேண்டியிருந்தது. அன்று மறந்ததை இன்றும் முழுதும் நினைவுகூர்ந்தோம் அல்லேம். நாம் விட்டுவிட்ட திண்ணையில் வேறொருவர் வந்து அமர்ந்து, “வீடே என்னுடையது” என்கிறார்.

இனி என் மாணவனுக்கு நான் காட்டவிருந்த சான்று. அது நயினாதீவு அம்மன் கோயில் வளவிலே நிற்கும் கல்வெட்டு. பொலன்னறுவையிலிருந்து 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை அது, பேராசிரியர் கா. இந்திரபாலா அதனை ஆராய்ந்து 1963 இல் வெளியிட்டார். சிங்கள பௌத்த மன்னருட் பேரரசன் என்று புகழப்படுபவன் தன் ஆணையை அங்கே தமிழில் வெட்டுவித்தான். என்னை? வாசிக்க வேண்டியவர் தமிழர். ஆணையின் பொருள் எங்கள் ஊரைப் பற்றியது. பரதேசிகள் ஊராத்துறையிலே வந்து தங்கவேண்டும், அவர்கள் காக்கப்படவேண்டும். ஆனையும் குதிரையும் கொண்டு வரும் மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வாணிகச் சரக்கு ஏற்றிய கலம் உடைந்தால் செம்பாதி. இந்த ஊராத்துறையே ஊர்காவற்றுறை.

அதே ஊர் சூளவம்சத்தில் சூகரதித்தம் என்னும் பெயரோடு வருகிறது. ஊரா என்றால் சிங்களத்திற் பன்றி, பாளியிலே சூகரம். பிக்கு ஒருவர் எங்கள் துறையின் பெயரைப் பொருள்பட மொழிபெயர்த்துப் பன்றித்துறை ஆக்கிவிட்டார். நாமோ அதனைத் திருத்தி ஊர்காவல் ஆக்கினோம். இலுப்பைக்கடவையை மதுபாதபதித்தம் என்று மாற்றியதும் இவ்வகைக் கைவேலையே. பெயர்ச் சண்டை இன்று தொடங்கியதன்று. இனி அவ்விடத்தைக் கூர்ந்து நோக்குக. 1215 இல் வந்து இராசரட்டையைக் கைப்பற்றிய மாகன் படை நிறுத்திய இடங்களின் பட்டியல் அது. அதில் மாதோட்டம் இருக்கிறது, மன்னார் இருக்கிறது, வலிகாமம் இருக்கிறது, சூகரதித்தம் இருக்கிறது. குருந்தியும் இருக்கிறது.

ஆட்சிகள் மாறின. 2024 நவம்பர்த் தேர்தலில் யாழ்ப்பாணத்து ஆறு ஆசனங்களுள் மூன்றைத் தெற்கிலிருந்து வந்த கட்சி வென்றது. இதற்கு முன் நிகழாத செயல் அது. அந்த வாக்கில் ஒரு நம்பிக்கை இருந்தது. அந்நம்பிக்கையை அளக்க வரும் கோல் கொழும்பிலே பேசும் பேச்சன்று. தண்ணிமுறிப்பு வயலின் வரம்பு. உழவனுக்கு உறுதிக்காணி திரும்பவேண்டும். மலைமேல் ஐயனார்க்குப் பொங்கப் பொலிசு வரம் கேட்கும் நிலை ஒழியவேண்டும். அகழ்வில் தமிழ் ஆராய்ச்சியாளர் இருக்கவேண்டும். கண்டது எல்லாம் மூன்று மொழியிலும் அச்சாக வேண்டும். அவ்வளவும் நடந்தபின் தூபி அங்கே நிற்பதில் எனக்கு யாதொரு வருத்தமும் இல்லை. நிற்பதே முறை என்பேன். இவ்வாறு எழுதியதற்காக என்னை இருபக்கத்தாரும் ஏசுவர். அது என் தொழிலுக்குப் பழகியது. வினாத்தாள் திருத்துபவனுக்கு எந்த மாணவனும் நன்றி சொல்வதில்லை.

விடுமுறை முடிந்து வகுப்புத் தொடங்கியதும் அம்மாணவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கரும்பலகையில் இம்முறை மலை கீறவில்லை. சூளவம்சப் பட்டியலை எழுதினேன். சூகரதித்தம் எது என்று கேட்டேன், ஒருவரும் அறியார். சொன்னேன். வகுப்பு சிரித்தது, பன்றித்துறை என்றதற்காக. அடுத்த சனிக்கிழமை இருபத்திரண்டு பேரை அழைத்துக்கொண்டு குறிகட்டுவானிற் படகேறினேன். அம்மன் கோயில் வளவிலே கல்லின் முன் குந்தியிருந்து, தேய்ந்த எழுத்தை விரலால் தடவி, அவன் கூட்டிக் கூட்டி வாசிக்கத் தொடங்கினான். சில எழுத்து விளங்கவில்லை. “இது எங்கட எழுத்துத்தானே, ஐயா?” என்றான். ஆம் என்றேன். “ராசா ஆர்?” என்றான். சொன்னேன். அவன் மறுபடியும் முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினான்.